கதைமாந்தர் பெயர் தாங்கிய இசைக்குழுக்கள்: பதிப்புரிமை, வணிகக்குறிச் சிக்கல்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நாவல், படக்கதை, திரைப்படம் ஆகியவற்றில் இடம்பெறும் கதைமாந்தரின் பெயரை இசைக்குழுவுக்குச் சூட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலைநாடுகளில் பரவியது. அப்பெயரைக் காப்பது பதிப்புரிமையா, வணிகக்குறிச் சட்டமா என்ற வினா அவ்வழக்கத்துடன் சேர்ந்தே வளர்ந்தது. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் நிகழ்வுகளைக் கொண்டு இவ்வினாவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் வகுத்த எல்லைக்கும் நடைமுறையில் பெயரின் உடைமை தீர்மானிக்கப்பட்ட முறைக்கும் இடையே உள்ள இடைவெளியை எடுத்துக்காட்டுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: இசைக்குழு, கதைமாந்தர் பெயர், பதிப்புரிமை, வணிகக்குறி, உரிமம், பொதுவுடைமை.

முன்னுரை

இசைக்குழுவொன்றின் பெயர் அதன் முதல் முதலீடு ஆகும். பாடல்கள் மாறலாம், கலைஞர்கள் விலகலாம், சுவரொட்டியிலும் இசைத்தட்டின் உறையிலும் நிலைத்து நிற்பது பெயரே. மக்கள் முன்னரே அறிந்த ஒரு கதைமாந்தரின் பெயரைச் சூட்டும்போது அப்பெயரின் புகழும் குழுவிற்குச் சேர்ந்து கிடைக்கிறது. ஆனால் அப்புகழை உருவாக்கியவர் வேறொருவர். ஆகவே, பெயரைப் பயன்படுத்தும் உரிமை யாருக்குரியது என்ற வினா எழுகிறது. இவ்வினாவிற்குப் பதிப்புரிமைச் சட்டமும் வணிகக்குறிச் சட்டமும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

சட்டம் வகுத்த எல்லை

ஒரு படைப்பின் வெளிப்பாட்டைக் காப்பது பதிப்புரிமை. தனிப்பெயர், தலைப்பு, சிறு தொடர் ஆகியவை பதிப்புரிமைக்கு உட்படா என்பது அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 1982ஆம் ஆண்டின் எக்ஸான் வழக்கு இதே முடிவுக்கு வந்தது. பெரும் ஆய்வுக்குப் பின் உருவாக்கிய ஒற்றைச் சொல்லுக்குப் பதிப்புரிமை வேண்டும் என்பது எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் கோரிக்கை. அச்சொல் புதிதாயினும் அது ஓர் இலக்கியப் படைப்பு ஆகாது என மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், அப்பெயரைத் தாங்கிய காப்பீட்டு நிறுவனத்திற்கு எதிராக, ஒருவர் தம் தொழிலைப் பிறருடையதாகத் தோன்றச் செய்வதைத் தடுக்கும் பொதுச்சட்ட வழியில் எண்ணெய் நிறுவனம் தடை பெற்றது. ஒரே பெயர் ஒரு வழியில் காப்பின்றி நின்று மறு வழியில் காப்புப் பெற்றமை இவ்வழக்கின் சிறப்பாகும். இந்திய உச்சநீதிமன்றமும் 2015இல், 'தேசி பாய்ஸ்' என்னும் திரைப்படத் தலைப்பு குறித்த வழக்கில், தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என உறுதிசெய்தது.

பெயருக்குப் பதிப்புரிமை இல்லாவிடினும், தெளிவாக வரையப்பட்ட கதைமாந்தருக்கு அது உண்டாகலாம். கதைமாந்தர் எவ்வளவு குறைவாக வளர்த்தெடுக்கப்பட்டுள்ளாரோ அவ்வளவு குறைவாகவே காப்புக் கிடைக்கும் என்ற கருத்தை 1930இல் அமெரிக்காவின் நிக்கல்ஸ் வழக்கில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் முன்வைத்தார். எனவே, பெயரை மட்டும் எடுத்தாளும் குழுவிற்கும், கதைமாந்தரின் உருவப்படத்தை இசைத்தட்டின் உறையில் அச்சிடும் குழுவிற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

வணிகக்குறிச் சட்டத்தின் அடிப்படை வேறு. ஒரு பெயரைக் காணும் நுகர்வோர் அதன் பின்னுள்ள பண்டமோ பணியோ யாரிடமிருந்து வருகிறது என்பதில் குழம்புவாரா என்பதே அதன் முதன்மை வினா. பன்னாட்டு வகைப்பாட்டில் இசைப்பதிவுகள் 9ஆம் வகுப்பிலும், ஆடைகள் 25ஆம் வகுப்பிலும், பொழுதுபோக்குப் பணிகள் 41ஆம் வகுப்பிலும் அடங்குகின்றன. ஓர் இசைக்குழுவின் வருவாய் இம்மூன்று வகுப்புகளிலும் பரவியுள்ளது. படக்கதை நிறுவனங்களும் திரைப்பட நிறுவனங்களும் தம் கதைமாந்தர் பெயர்களைப் பதிவுசெய்ய நாடுவதும் பெரும்பாலும் இவ்வகுப்புகளையே. மோதல் நிகழும் இடம் இதுவாகும்.

தடையின்றி நிலைத்த பெயர்கள்

1969இல் இலண்டனில் தோன்றிய யூரியா ஹீப் குழு, சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வரும் வஞ்சகனின் பெயரை ஏற்றது. அவன் ஓயாது பறைசாற்றும் போலித் தாழ்மையை அக்குழு 1970இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் தலைப்பும் எதிரொலித்தது. டிக்கன்ஸ் 1870இல் மறைந்தவர். நாவலின் பதிப்புரிமை நெடுங்காலத்திற்கு முன்பே முடிந்திருந்தது. ஆகவே, பெயரும் பண்பும் பொதுவுடைமையாக இருந்தன.

உரிமை நிலவிய படைப்புகளிலிருந்து பெயர் கொண்ட குழுக்களும் உண்டு. 1977இல் ஷெஃபீல்டில் தோன்றிய தாம்சன் ட்வின்ஸ் குழு, எர்ஜேயின் டின்டின் படக்கதைகளுடைய ஆங்கில வடிவில் வரும் துப்பறிவாளர் இருவரின் பெயரைத் தழுவியது. அப்போது எர்ஜே உயிருடன் இருந்தார். 1978இல் பர்மிங்காமில் உருவான டுரான் டுரான் குழு, 1968ஆம் ஆண்டின் 'பார்பரெல்லா' திரைப்படத்தில் வரும் டுராண்ட் டுராண்ட் என்னும் கதைமாந்தரின் பெயரை எழுத்துமாற்றத்துடன் கொண்டது. இப்பெயர்கள் துணைமாந்தருடையவை, அவற்றைத் தனிப் பண்டமாக விற்கும் சந்தை அன்று பெரிதாக வளர்ந்திருக்கவில்லை. எழுத்துமாற்றமும் பெயரை மூலத்திலிருந்து சற்று விலக்கியது.

அச்சமும் பெயர்மாற்றமும்

டோல்கீனின் 'சில்மரில்லியன்' 1977இல் வெளிவந்தது. 1979இல் இங்கிலாந்தில் தோன்றிய குழு ஒன்று அந்நூலின் பெயரையே ஏற்று, 1981இல் அதனை மரில்லியன் எனச் சுருக்கிக்கொண்டது. பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்ப்பதே நோக்கம் என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். இது கதைமாந்தர் பெயரன்று, நூற்பெயர் எனினும் இங்குப் பொருந்தும் சான்றாகும். மேலே கண்டவாறு, ஒரு சொல்லாலான பெயர் பதிப்புரிமையின் எல்லைக்குள் வருவது அரிது. உண்மையான இடர் வணிகக்குறியின் பக்கமே இருந்தது. சட்டத்தின் பெயர் மாறி வழங்கினும் அச்சத்தின் விளைவு மாறவில்லை.

இங்கிலாந்து நீதிமன்றங்களின் நோக்கிலும் அக்காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. எலிசபெத் பெரெஸ்ஃபோர்டு படைத்த வோம்பிள்ஸ், குப்பையைத் திரட்டிப் பயன்படுத்தும் சிறுவர் கதைமாந்தர்கள். தொலைக்காட்சித் தொடருக்குப் பாட்டெழுதிய மைக் பாட், ஊதியத்திற்குப் பதிலாக அம்மாந்தரை இசையில் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, 1970களில் அப்பெயரிலேயே புகழ்மிக்க இசைக்குழுவை நடத்தினார். உரிமம் பெற்ற வழியின் முன்மாதிரியாக இதனைக் கொள்ளலாம். ஆனால் 1975இல், குப்பைத்தொட்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனமொன்று அதே பெயரைச் சூட்டியபோது உரிமையாளர்களால் அதனைத் தடுக்க இயலவில்லை. இரு தரப்பின் தொழிற்களமும் ஒன்றல்ல என்பது நீதிமன்றத்தின் காரணம். 1991இல் நிஞ்ஜா ஆமைகள் வழக்கில் நிலை மாறியது. கதைமாந்தர் உருவம் பதித்த ஆடைகள் உரிமத்தின்பேரில் விற்கப்படுகின்றன என்பதைப் பொதுமக்கள் அறிவர் என நீதிமன்றம் ஏற்றுத் தடை விதித்தது.

இச்சூழலில் கிளாஸ்கோவைச் சேர்ந்த யூஜின் கெல்லியின் குழு, கேப்டன் அமெரிக்கா என்னும் பெயருடன் இயங்கியது. அப்பெயர் 1941 முதல் படக்கதையில் வழங்கிவரும் நாயகனுடையது. மார்வெல் நிறுவனம் சட்ட நடவடிக்கை குறித்து எச்சரித்ததால், 1992இல் குழு யூஜீனியஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. டுராண்ட் டுராண்ட் போன்ற துணைமாந்தரைப் போலன்றி, கேப்டன் அமெரிக்கா தன்னளவிலேயே விற்பனைக்குரிய பெயர் என்பது இவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

உடன்பாடும் எதிர்மாறான வழக்கும்

2002இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உடன்பிறந்தார் இருவர் தொடங்கிய ஹாரி அண்ட் தி பாட்டர்ஸ் குழு பெயரோடு நில்லாமல், கதைநாயகனின் தோற்றத்தையும் மேடையில் ஏற்றது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இசைப்பதிவுகளின் விற்பனை தொடர்ந்தது. சட்டை முதலிய பொருள்களின் விற்பனை நேரடி நிகழ்ச்சிகளோடு வரையறுக்கப்பட்டது. நிறுவனத்தின் கவலை பாடலைப் பற்றியதைவிடப் பண்டத்தைப் பற்றியது என்பதை இவ்வுடன்பாடு காட்டுகிறது.

இதற்கு எதிர்மாறான நிகழ்வு கனடாவில் நேர்ந்தது. வின்னிபெக் நகரின் வியர்ட் சிஸ்டர்ஸ் என்னும் நாட்டார் இசைக்குழு 1990 முதல் அப்பெயரில் பாடிவந்தது. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்துச் சூனியக்காரியர் மூவருக்கும் இப்பெயர் உரியது. ரவுலிங் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நான்காம் ஹாரி பாட்டர் நாவலில், ஒலிப்பில் ஒத்த பெயருடைய கற்பனை இசைக்குழு ஒன்று இடம்பெற்றது. அந்நாவல் 2005இல் படமானபோது தயாரிப்பு நிறுவனம் பெயருக்காகப் பணம் தர முன்வந்தது. கனடியக் குழு ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தது. படத்தைத் தடுக்க ஒன்டாரியோ நீதிமன்றம் மறுத்தது. எனினும் படத்தில் அப்பெயர் இடம்பெறவில்லை. வழக்கு பின்னர் நீதிமன்றத்திற்கு வெளியே தீர்க்கப்பட்டது. இங்குப் பெயரைக் காக்க முயன்றது சிறு குழு. அதனை நாடியது பெருநிறுவனம். பொதுவுடைமையான இலக்கியத்திலிருந்து எடுத்த பெயரும் தொடர்ந்த வழக்காற்றால் ஒருவரது வணிகக்குறி ஆகலாம் என்பதும், அதனைக் காப்பது எளிதன்று என்பதும் இதனால் புலப்படுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கதைமாந்தர் பெயரைச் சூட்டுவதில் பதிப்புரிமையைவிட வணிகக்குறியே பெரிய தடையாகும். உருவப்படமும் தோற்றமும் சேரும்போது பதிப்புரிமையும் உடன் நிற்கிறது. இரண்டாவது, பதிப்புரிமைக்குக் கால எல்லை உண்டு. வணிகக்குறியோ பயன்பாடும் புதுப்பித்தலும் தொடரும்வரை நீடிக்கிறது. ஆகவே, படைப்பு பொதுவுடைமையான பின்னும் பெயர் தனியுடைமையாக நிலைக்கும் வாய்ப்புண்டு. மூன்றாவது, இங்கு ஆராய்ந்த இசைக்குழுக்களின் பெயர்களில் எதுவும் முழு விசாரணைக்குப் பின் வந்த தீர்ப்பால் மாறவில்லை. கடிதமும், முன்னெச்சரிக்கையும், உடன்பாடுமே மாற்றின. சட்டநூல் கூறும் எல்லைக்கு முன்னரே வழக்குச் செலவைப் பற்றிய அச்சம் ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. இலக்கியம் மக்களின் நாவில் வழங்கும் பெயர்களை ஈந்துகொண்டே இருக்கிறது. அப்பெயர்களுள் எவை பொதுவில் எஞ்சும் என்பதைத் தீர்ப்புகளை மட்டும் கொண்டு அறிய இயலாது. நீதிமன்றத்திற்கு வராத பெயர்மாற்றங்களையும் பதிவுசெய்யும் ஆய்வு தேவை.