சிப்பியும் முத்தும்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் கணினியிற் கோத்து அச்சிடப்பெற்ற கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் பல, "பாமினி" போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. பாமினியில் தட்டச்சுச் செய்தால் கணினி தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளையே சேமித்து, அவற்றின்மேல் தமிழ் உருவைப் போர்த்திக் காட்டுகின்றது. "கொழும்பு" என்னும் சொல் அங்கே சிறிய என், எஃப், எச், பெரிய ஓ, சிறிய கே, அரைப்புள்ளி, பெரிய ஜீ என ஏழு குறிகளாகக் கிடக்கின்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் காண்பது பொருளற்ற குறிகளின் குவியலே. இவற்றை யுனிகோட் முறைக்கு மாற்றாவிடின் ஒரு தலைமுறையின் எழுத்து, கோப்பு இருந்தும் இல்லாததாகும்.

இம்மாற்றத்தை எந்தக் கருவிகொண்டு செய்வது? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் இயங்குதளம் உருவாகத் தொடங்கிற்று. அதன் உள்ளீட்டைப் பருப்பு என்றும், மனிதர் கட்டளையிடும் வெளிப்புறத்தை ஷெல், அதாவது ஓடு, என்றும் அழைத்தனர். 1973-இல் டக் மக்கில்ராயின் வற்புறுத்தலால் கென் தொம்சன் "குழாய்" என்னும் வசதியை அமைத்தார். ஒரு நிரலின் வெளியீடு அதன்வழியே அடுத்த நிரலுக்குள் பாயும். 1979-இல் ஸ்டீவன் போர்ண் எழுதிய ஷெல், கட்டளைகளைக் கோத்து எழுதிவைத்து மீண்டும் மீண்டும் இயக்குவதை எளிதாக்கிற்று.

காலி வீதிப் புடைவைக்கடை ஒன்றின் விற்பனைப் பதிவை எண்ணிப் பாருங்கள். கிரெப் வேண்டிய வரிகளைப் பொறுக்கும், கட் வேண்டிய நிரலை வெட்டியெடுக்கும், சோர்ட் வரிசைப்படுத்தும், ஓக் கூட்டிச் சொல்லும். ஒரே வரிக் கட்டளையில் கணக்கு முடிந்துவிடும். இதனினும் அழகிய முறையை நான் அறியேன். ஆயினும் ஒரு வேலையாள் தன் பங்கை முடித்ததும் கடையை விட்டே போய்விடுகின்றான். அவன் கண்டதை அடுத்தவன் அறியான். வரிக்கு வரி சுழன்று ஒவ்வொரு முறையும் புதிய நிரலை எழுப்பும் கட்டளைக்கோவையோ, கோப்பு பெருக்கப் பெருக்க ஆமையாகின்றது.

இந்த இடரிற் சிக்கியவர் லாரி வோல். பல கோப்புகளிற் சிதறிக் கிடந்த செய்திகளிலிருந்து அறிக்கை தயாரிக்க ஓக் போதாமையால், அவர் தாமே ஒரு மொழியை ஆக்கி, 1987 டிசம்பர் 18-இல் யாவர்க்கும் இலவசமாக வெளியிட்டார். அதுவே பேர்ள். முத்து எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே முதலிற் கருதினார்; அப்பெயரில் வேறொரு மொழி இருந்தமையால் ஓரெழுத்தைக் குறைத்தார். சிப்பிக்குப் பின் முத்து வந்தமை தற்செயலே எனினும், மன்னார்க் கடலை அறிந்த நமக்கு அது இனிக்கின்றது.

வோல் செய்த நுட்பமான காரியம் யாதெனில், ஷெல், செட், ஓக், சீ ஆகியவற்றின் வழக்குகளையே அள்ளியெடுத்தமைதான். ஷெல் அறிந்தவர் அந்நிய நாட்டிற் குடியேறவில்லை; அடுத்த அறைக்குச் சென்றார். 1994-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2002-இல் வெளியான 5.8 பதிப்பு யுனிகோட் எழுத்தை எழுத்தாகவே கையாளும் ஆற்றலைச் செம்மையாக்கிற்று. அன்றைய ஷெல் கருவிகளுட் பல எண்ணியது பைட்டுகளையே. அவற்றுக்குக் கொழும்பு 24 பைட். பேர்ளுக்கோ அது எட்டுக் குறிகள்; கேட்டால், நம் கண் காணும் நான்கு எழுத்துகளாகவும் பிரித்துத் தரும்.

பாமினிக்குத் திரும்புவோம். அங்கே கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் அதன் பின்னும் நிற்கும். யுனிகோட்டில் ககரம் முன், உயிர்க்குறி பின். ஆகவே மூன்று குறிகள் கொண்ட கோவையை இரண்டு கொண்டதற்கு முன் மாற்றவேண்டும். பிழைத்தால் "கொ" சிதைந்து, கால் தனியே தொங்கும். செட் கருவியில் நூற்றுக்கணக்கான விதிகளை அடுக்கியும் இதனைச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு வரியையும் மீண்டும் தடவிப் பார்க்கும். பேர்ளில் முழு அட்டவணையும் ஒரே இணைப்பட்டியலில் அடங்கும். நீண்ட கோவை முதலில் என ஒழுங்குசெய்தால் ஒரே நடையில் வேலை முடியும்.

பேர்ளுக்கும் குறையுண்டு. குறிகள் மலிந்த அதன் நடையை, ஆறு மாதம் கழித்து எழுதியவரே வாசிக்கத் திணறுவர். பைதன் பின்னர் பலரைக் கவர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2000-இல் அறிவிக்கப்பெற்ற ஆறாம் பேர்ள் 2015-இலேயே வெளிவந்து, 2019-இல் ராக்கு எனப் பெயர் மாறித் தனிமொழியாயிற்று. ஐந்தாம் பேர்ள் இன்றும் பேணப்படுகின்றது.

கல்வெட்டொன்றில் ஆங்கில முகவரிகளும் இடையிடையே வரும். குருட்டுத்தனமாக மாற்றினால் அவையும் தமிழ்ச் சிதறல்களாகிவிடும். இணையப் பக்கமாகச் சேமித்த கோப்பாயின், எழுத்துருவின் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதெனப் பேர்ள் பல வரிகளைத் தாண்டியும் நினைவிற் கொண்டு, பாமினிப் பகுதியை மாத்திரம் மாற்றி, மற்றையதைத் தீண்டாது விடும்.