ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இனி என்ன?

2007 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு மொழிக்கு நாள் குறித்தது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் ஒன்பதாம் பதிப்பே கடைசி, பத்தாவது வராது என்றது. 2015 ஜனவரி 13 அன்று அந்தப் பதிப்புக்கான ஆதரவும் நின்றது. தொண்ணூறுகளில் கணினி வகுப்புக்குப் போன நம்மில் பலர், வேர்ட்ஸ்டார், லோட்டஸோடு சேர்த்துக் கற்றது இந்த வம்சத்து மொழியைத்தான். ஆகவே அதன் எதிர்காலம் பற்றிய இந்த ஊகத்தில் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும்.

வம்சத்தின் மூலம் அமெரிக்காவின் பாசடீனாவில், ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப், அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தில் வெல்லும் அணிகளைக் கணிப்பதற்காக 1978இல் 'வல்கன்' என்ற நிரலை எழுதினார். ஆய்வகத்தின் பெரிய கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஜெபிஎல்டிஸ் அதற்கு முன்மாதிரி. ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை 'டிபேஸ் 2' என்று விற்றது. டிபேஸ் 1 என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆஷ்டன் என்றொரு பங்குதாரரும் இல்லை!

ஒஹாயோவில் டேவ் ஃபுல்டனின் ஃபாக்ஸ் நிறுவனம் அதே மொழியை இன்னும் வேகமாக ஓடச் செய்தது. 1988இல் ஆஷ்டன்-டேட் வழக்குத் தொடுத்தது. ஜெபிஎல்டிஸிலிருந்து பிறந்ததைப் பதிப்புரிமை அலுவலகத்திடம் மறைத்ததால் அந்த உரிமையே செல்லாது என்று 1990 டிசம்பரில் நீதிபதி டெரி ஹாட்டர் தீர்ப்பளித்தார். சில மாதங்களில் தாமே அதை விலக்கிக்கொண்டார். 1991இல் ஆஷ்டன்-டேட்டை வாங்கிய போர்லாண்டுக்கு, வழக்கைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை நிபந்தனை விதித்தது. ஒரு மொழியை ஒருவர் சொந்தம் கொண்டாடலாமா என்ற கேள்வி அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. 1992இல் ஃபாக்ஸ் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிற்று.

அந்தக் கேள்வியின் நிழல்தான் இன்றும் விழுகிறது என்பது நம் எண்ணம். இதன் பங்காளியான கிளிப்பரும் உரிமையாளரால் கைவிடப்பட்டதுதான். ஆனால் 1999இல் தொடங்கிய ஹார்பர் என்னும் கட்டற்ற திட்டம் அந்த மொழியைப் புதிதாக எழுதி எடுத்தது. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஆர்வலர்கள் துணைக்கருவிகள் செய்து தருகிறார்கள். மைய மூலநிரலோ பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. 32 பிட் நிரல்களை விண்டோஸ் அனுமதிக்கும்வரை அது ஓடும். அந்தக் கதவு சாத்தப்படுவதற்கு முன்பே, அதை அறிந்த நிரலாளர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள் என்றே தோன்றுகிறது.

கோப்பின் கதை வேறு. டிபிஎஃப் கோப்பில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே போய்விடுவதில்லை. தலையில் ஒரு நட்சத்திரக்குறி விழும், அவ்வளவுதான். 'ரீகால்' என்றால் திரும்பி வரும். 'பேக்' என்று ஆணையிட்டால்தான் உண்மையான மரணம். இந்தக் கோப்பு மொழியை விட்டு வெளியேறி எப்போதோ வேறு வீடு புகுந்துவிட்டது. நிலப்படங்களுக்கு உலகெங்கும் பயன்படும் ஷேப்ஃபைலில், இடங்களின் பெயரும் விவரமும் உறைவது டிபிஎஃபில்தான். அதில் நிரலின் தலைப்புக்குப் பத்து பைட்டுகளே இடம். யுனிகோடு தமிழை யுடிஎஃப்-8 முறையில் இட்டால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். 'மாவட்டம்' என்று எழுத இடம் போதாது. 'ஊர்' அடங்கிவிடுகிறது.