அகமதாபாத் பிரகடனம்

மக்கள் நாளாந்தம் உபயோகிக்கும் பொருள்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? கைவினைஞரா, ஆலை முதலாளியா, அரசாங்கமா? சுதந்திர இந்தியாவின் முன் இக்கேள்வி 1950ஆம் ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. ஆலைகள் பெருகின, பண்டங்களின் தரமோ தாழ்ந்துகொண்டே வந்தது. குயவரும் கன்னாரும் தலைமுறை தலைமுறையாகக் காத்த நயம் இயந்திரத்தின் வாயில் அகப்பட்டு அழிந்துவிடுமோ என்று அஞ்சியவர் பலர்.

இந்நிலையில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சாள்ஸ் ஈம்ஸும் அவர் துணைவியார் ரேயும் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில், போர்ட் நிதியத்தின் ஆதரவுடன், இந்தியா முழுவதையும் சுற்றிப் பார்த்து, 1958 ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். செல்வத்திற் சிறந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் புதிய இயந்திரங்களையே சிபார்சு செய்வர் என எவரும் எண்ணியிருக்கலாம். அவர்களோ இந்தியாவில் கண்ட பொருள்களுள் எல்லாம் அழகு மிக்கதாகப் போற்றியது லோட்டாவை. நம்மவர் செம்பு என்று சொல்லும் அதே எளிய பாத்திரந்தான்! அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையிலும் இடுப்பிலும் கையிலும் எவ்வாறு தங்கும், நிறைந்தபோதும் வெறுமையானபோதும் அதன் சமநிலை என்ன, ஊற்றுவதற்கும் துலக்குவதற்கும் வாய் எவ்வளவு அகன்றிருக்க வேண்டும், பழையதான பின் அதன் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்றெல்லாம் அவர்கள் வினாக்களை அடுக்கினர். இத்தனைக்கும் விடை கண்டவர் தனி ஒருவர் அல்லர். பெயர் தெரியாத பலர் பல தலைமுறைகளாகக் கண்ட விடை அது. ஆனால் மாற்றம் விரைந்து வரும் காலத்தில் அவ்வளவு நீண்ட அவகாசம் கிடையாது. ஆதலால் வடிவமைப்புக்கென ஆராய்ச்சியும் பயிற்சியும் சேவையும் ஒருங்கே நடத்தும் ஒரு நிலையம் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. சாராபாய் குடும்பத்தினரான கௌதமும் கிராவும் அதனை உருவாக்குவதில் முன்னின்றனர்.

பிறநாட்டார் வந்து ஆலோசனை கூறுவது ஒன்று. நாடுகள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு கொள்கையை வகுப்பது மற்றொன்று. ஜேர்மனியின் உல்ம் நகரக் கலாசாலையில் ஆசிரியராயிருந்து, 1968இல் சிலி நாட்டுக்குச் சென்ற கூய் பொன்சீப்பே, வறிய நாடுகள் மேல்நாட்டுப் பண்டங்களைப் பார்த்துப் பிரதி செய்வதை விடுத்துத் தம் தேவைக்குத் தாமே வடிவம் காண வேண்டும் என வாதித்தார். வியன்னாவில் தலைமையகம் கொண்ட ஐக்கிய நாடுகளின் கைத்தொழில் அபிவிருத்தி ஸ்தாபனம் இவ்விஷயத்தில் அக்கறை கொண்டு, 1957இல் இலண்டனில் தோன்றிய சர்வதேச கைத்தொழில் வடிவமைப்புச் சங்கங்களின் பேரவையுடன் 1977இல் ஓர் உடன்பாடு செய்தது. அதன் பயனாக 1979 ஜனவரியில் அகமதாபாத்திலும் பம்பாயிலும் மாநாடு கூடியது. அங்கே அகமதாபாத் பிரகடனம் நிறைவேறியது.

வடிவமைப்பு செல்வர்க்குரிய அலங்காரம் அன்று, பொருளாதார அபிவிருத்திக்கு உதவும் வலிய கருவி என்று அது கூறிற்று. வீண்செலவில் மூழ்கிய உலகுக்கும் இல்லாமையில் வாடும் உலகுக்கும் இடையிலுள்ள பிளவை அகற்ற வடிவமைப்பாளர் உழைக்க வேண்டும், ஒவ்வொரு மக்களின் தனித்தன்மையும் பேணப்பட வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

பிரகடனத்துக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. மாநாட்டை வரவேற்று நடத்திய இந்தியாவிலேயே தேசிய வடிவமைப்புக் கொள்கைக்கு மந்திரிசபை அங்கீகாரம் அளித்தது 2007 பெப்ரவரியில். அதாவது 28 ஆண்டுகள் கழித்து. அரசாங்கங்களின் நடை அத்தகையது!

எனினும் கொள்கை வரும் வரை வேலை காத்திருக்கவில்லை. ராஜஸ்தானத்தில் வரட்சி மிகுந்த ஜவாஜாப் பகுதியில், முகாமைத்துவப் பேராசிரியர் ரவி மத்தாயும் வடிவமைப்பு நிறுவனத்தாரும் 1975 முதல் நெசவாளருடனும் தோல் தொழிலாளருடனும் சேர்ந்து உழைத்து வந்தனர். கைவசமிருந்த திறமையைக் கொண்டே புதிய விரிப்புகளும் தோற்பைகளும் உருவாயின. அவற்றைத் தரகர் தயவின்றித் தாமே விற்கவும், கணக்கு வைக்கவும், தம் சங்கத்தைத் தாமே நடத்தவும் அத்தொழிலாளர் பழகினர்.