சூலமித்தியாள் - தேவியா, திராட்சைத் தோட்டத்துப் பெண்ணா?

பழைய ஏற்பாட்டில் உள்ள உன்னதப்பாட்டு எட்டே அதிகாரங்கள் கொண்ட சிறு நூல். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் இதன் பெயர் இனிமைமிகு பாடல். இதில் சட்டமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை. கடவுளின் பெயர் கூட வெளிப்படையாக வருவதில்லை (எட்டாம் அதிகாரத்தில் ஒரு சொல்லின் கடைசி அசை அதைக் குறிக்கிறது என்பவர்கள் உண்டு). இருப்பது ஒரு பெண்ணும் அவள் காதலனும்தான். அதிலும் பாதிக்கு மேல் பேசுபவள் அந்தப் பெண். ஆறாம் அதிகாரத்தில் அவளைச் சூலமித்தியாள் என்று அழைக்கிறார்கள்.

யார் இவள்? யூதர்கள் இஸ்ரவேல் என்றனர். கிறிஸ்தவர்கள் திருச்சபை என்றனர். 1922இல் தியோஃபில் மீக் என்ற அறிஞர் வேறொரு விடை சொன்னார்: இவள் ஒரு தேவி, இந்நூல் தம்மூஸ் வழிபாட்டிலிருந்து வந்த பாடல்.

இது வெறும் கற்பனை அல்ல. சுமேரியாவில் இனன்னா என்ற தேவியும் தூமுசி என்ற மேய்ப்பனும் காதலிக்கும் பாடல்கள் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன. கி.மு. 21ஆம் நூற்றாண்டில் ஊர் நகரை ஆண்ட ஷூ-சின் மன்னனை நோக்கி ஒரு பெண் பாடும் காதல் பாடலும் உண்டு. பாபிலோனியர் இனன்னாவை இஷ்டார் என்றனர். தூமுசிதான் விவிலியத்தின் தம்மூஸ். எருசலேம் ஆலய வாசலிலேயே பெண்கள் தம்மூசுக்காக அழுததை எசேக்கியேல் பார்க்கிறார். வானராக்கினிக்குக் குடும்பமே சேர்ந்து பணியாரம் சுட்டதை எரேமியா கண்டிக்கிறார். அதற்கு அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அவளுக்குத் தூபம் காட்டுவதை நிறுத்திய பிறகுதான் பஞ்சமும் பட்டயமும் வந்தன என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்! ஆக, தேவி அந்த மக்களுக்கு அந்நியள் அல்ல.

உன்னதப்பாட்டிலும் அவள் சாயல் தெரிகிறது. காதலன் அவளைச் சிங்கங்களின் குகைகளிலிருந்து இறங்கி வரச் சொல்கிறான். சிங்கம் இஷ்டாரின் விலங்கு. வேறோரிடத்தில் அவள் நிலவும் சூரியனுமாக, கொடியேந்திய படையைப் போல அச்சமூட்டுபவளாகத் தோன்றுகிறாள். ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இந்த வருணனை கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் மீக்கின் கருத்து முழுதாக நிற்கவில்லை. தூமுசியின் கதை அவன் சாவில் போய் முடியும். இங்கே காதலன் சாவதில்லை, ஒப்பாரியும் இல்லை. மேலும் இவளுக்கு வீடு இருக்கிறது. கோபக்கார அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்கள் திராட்சைத் தோட்டத்தைக் காவல் காக்க அனுப்பியதால் வெயிலில் கறுத்துப் போனதாக அவளே சொல்கிறாள். தாய் பலமுறை வருகிறாள், தந்தை ஒரு முறை கூட வருவதில்லை. இதையெல்லாம் படிக்கும் தமிழருக்குச் சங்க அகப்பாடல்களின் தலைவி நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. எபிரேய அறிஞர் ஹாயிம் ராபின் 1973இல் இந்த ஒப்புமையைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன வணிக வழித் தொடர்புக்குச் சான்று போதாது, ஒப்புமை மட்டும் உண்மை.

தேவியைப் பாடப் பழகிய சொற்களை எடுத்து யாரோ ஒரு மானிடப் பெண்ணுக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. தேவிக்குப் பலி கேட்கும் கோயில் உண்டு, இவளுக்கு அது இல்லை.

இரண்டையும் பிரித்துக் காட்டும் காட்சி ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. இனன்னா பாதாளத்துக்குப் போகும்போது ஏழு வாசல்களிலும் அவளுடைய அணியும் ஆடையும் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. அது பாதாளத்தின் சட்டம் என்று அவளுக்குப் பதில் கிடைக்கிறது. சூலமித்தியாளோ காதலனைத் தேடி இரவில் நகரத் தெருக்களில் அலைகிறாள். காவலாளர் அவளைப் பிடித்து அடித்துக் காயப்படுத்துகிறார்கள். மதில் காப்போர் அவள் போர்வையைப் பறித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்வதில்லை. அடுத்த வசனத்திலேயே அவள் எருசலேம் பெண்களிடம், அவனைக் கண்டால் தன் காதல் நோயைச் சொல்லும்படி கேட்கிறாள்.