அசெம்பிளி மொழியில் எண்களும் முகவரிகளும்

அசெம்பிளி மொழியில் ஓர் எண்ணைத் தனியே பார்த்துப் பொருள் சொல்ல முடியாது. 20 என்பது ஒரு மதிப்பாக இருக்கலாம். நினைவகத்தில் 20ஆம் இடத்தின் முகவரியாகவும் இருக்கலாம். எது என்பதை எண்ணை ஒட்டி வரும் குறிகளே முடிவு செய்கின்றன. செயலிக்குச் செயலி அக்குறிகள் மாறும். எம்ஓஎஸ் டெக்னாலஜி நிறுவனம் 1975இல் வெளியிட்ட 6502 செயலியின் எழுத்துமுறை இதைத் தெளிவாகக் காட்டும். ஆப்பிள் 2 கணினி இயங்கியது இச்செயலியில்தான்.

6502இல் $ பதினாறடிமான எண்ணையும் % இரும எண்ணையும் குறிக்கும். குறி இல்லாவிட்டால் பதின்மம். ஆகவே 10 என்றால் பத்து, $10 என்றால் பதினாறு, %10 என்றால் இரண்டு. பதினாறடிமானத்தின் ஓர் இலக்கம் சரியாக 4 பிட். அதனால் ஒரு பைட்டை இரண்டு இலக்கங்களில் எழுதிவிடலாம். 65,536 இடங்களைச் சுட்டும் 16 பிட் முகவரிக்கு நான்கு இலக்கங்கள் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது # குறி. எல்டிஏ என்பது செயலிக்குள் இருக்கும் அக்குமுலேட்டர் என்னும் பதிவகத்தில் மதிப்பை ஏற்றும் கட்டளை. 'எல்டிஏ #$20' என்றால் 32 என்ற எண்ணே ஏறும். 'எல்டிஏ $20' என்றால் 32ஆம் முகவரியில் அப்போது என்ன இருக்கிறதோ அது ஏறும். இரண்டும் இலக்கணப்படி சரி என்பதால், # விடுபட்டாலும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்பிளர் பிழை காட்டாது. நிரல் ஓடும், விடை தவறும். கற்பவர்களை மணிக்கணக்கில் தேடவைக்கும் பிழை இது.

முகவரியின் நீளமும் கணக்கில் வரும். 'பூச்சியப் பக்கம்' எனப்படும் முதல் 256 பைட்டுகளுக்கு ஒரு பைட் முகவரி போதும் என்பதால், 'எல்டிஏ $20' 2 பைட் இடத்தையும் 3 கடிகாரச் சுற்றுகளையும் எடுக்கும். $0400 போன்ற முழு முகவரி என்றால் 3 பைட், 4 சுற்று. சுற்றுகளை எண்ணி எண்ணி எழுதிய அந்நாள் நிரலர்களுக்கு அந்த ஒரு சுற்று பெரிது. 6502இன் வழிவந்த செயலியைக் கொண்ட கொமடோர் 64 கணினியில் திரை எழுத்துகளின் நினைவகம் இந்த $0400இல்தான் தொடங்கும். கட்டளைக்குள் அம்முகவரி 00 முதலிலும் 04 அடுத்துமாக, பின்முன்னாக அமையும்.

இன்டெல் மரபு வேறு. அங்கே பதினாறடிமான எண்ணின் கடைசியில் 'எச்' வரும். எண் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்தில் தொடங்கினால் முன்னே 0 சேர்க்க வேண்டும். இல்லையேல் அசெம்பிளர் அதை ஒரு பெயராக எடுத்துக்கொள்ளும். இன்டெல் செயலிகளுக்கான அசெம்பிளர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. மாறியின் பெயரை வெறுமனே எழுதினால், மைக்ரோசாஃப்டின் மாஸ்ம் அங்குள்ள மதிப்பை எடுக்கும். நாஸ்ம் அதன் முகவரியை எடுக்கும். நாஸ்மில் மதிப்பு வேண்டுமென்றால் பெயரை [ ] குறிக்குள் எழுதியே ஆக வேண்டும்.