கடலின் விதியும் கரையின் சாலையும்

தூத்துக்குடித் துறை ஆழம் குறைந்திருந்த காலத்தில் பெருங்கப்பல்கள் கரையினின்று பல மைல் தள்ளியே நங்கூரமிட்டன. இடையே சரக்கைச் சுமந்தவை பாய்மரத் தோணிகள். நீராவியும் பாயும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொண்ட 19ஆம் நூற்றாண்டிலேயே கடலோடிகளுக்கு ஒரு விதி அமைந்தது: எந்திரக் கப்பலே பாய்மரக் கலத்துக்கு விலகிச் செல்ல வேண்டும். 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல்விதிகளும் இதையே பொதுநெறியாகக் கொண்டன. காற்றை எதிர்பாராமல் திசைமாற வல்லது எதுவோ, அதன்மீதே பொறுப்பு.

தரையில் இந்நெறி தாமதித்தே வந்தது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது 1914இல். நடப்போர், மிதிவண்டியில் செல்வோர், சிறுவர், முதியோர் ஆகியோரின் பாதுகாப்பில் தனிக்கவனம் கொள்வது ஓட்டுநரின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் விதிமுறைகள் வெளிப்படக் கூறின.

ஆயினும், விடியலுக்கு முன் உப்பளத்துக்கு மிதிவண்டி மிதித்துச் செல்லும் தொழிலாளி, துறைமுகம் நோக்கி விரையும் கண்டெய்னர் லாரிக்கு ஒதுங்கிச் சாலையோர மண்ணில் இறங்குவதையே நாம் இன்றும் காண்கிறோம். ஒதுங்குபவர் எப்போதும் எளியவராகவே இருக்கும்வரை, நம் கரை தன் கடலிடம் இன்னும் பாடம் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.