சோம்பல் எனப் பெயர்பெற்ற ஓய்வு: பம்பாய் ஆலைகளும் வேலைநேரச் சட்டங்களும்

காலனிய இந்தியாவின் தொழிலக ஆவணங்களில் ஒரு குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் வருகிறது. இந்தியத் தொழிலாளி வேலைநேரத்திலேயே தறியை விட்டு அகன்றுவிடுகிறான். ஆலை வளாகத்தில் புகைபிடிக்கிறான், உண்கிறான், சற்றே கண்ணயர்கிறான். பயிர்வேலைக் காலத்தில் ஊருக்குப் போய்விடுகிறான். ஆலை முதலாளிகள் இதனைச் சோம்பல் என்றனர். அது உண்மையில் சோம்பல்தானா, அளவுகடந்த வேலையிலிருந்து உடல் தன்னைக் காத்துக்கொண்ட முறையா என்பதே இந்தியாவின் வேலைநேரச் சட்டங்களுக்கு அடியில் இருந்த கேள்வி.

பம்பாயின் முதல் பஞ்சாலை நிறுவனம் 1854இல் தொடங்கப்பட்டது. தொடக்ககால ஆலைகளில் கதிரவனே கடிகாரம். பொழுது புலர்ந்ததும் தொடங்கும் வேலை பொழுது சாயும்வரை நீண்டது; ஆகவே கோடையில் வேலைநாளும் நீண்டது. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 7 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம் என வரம்பிட்டது. வளர்ந்தவர்களைப் பற்றி அது வாய்திறக்கவில்லை.

அந்த மௌனத்தை முதலில் உடைத்தவர்களுள் ஒருவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் இயக்கத்தைச் சேர்ந்தவர்; ‘தீனபந்து’ இதழின் ஆசிரியர். 1884இல் அவர் கூட்டிய தொழிலாளர் கூட்டங்களிலிருந்து எழுந்த விண்ணப்பத்தில் சுமார் 5,500 பேர் கையொப்பமிட்டனர். வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு, காலை 6.30 முதல் சூரியன் மறையும்வரை மட்டுமே வேலை என்பவை அதன் முதன்மைக் கோரிக்கைகள். 1890 ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டனர். பெண் தொழிலாளர் இருவர் மேடையேறிப் பேசினர். அவ்வாண்டு ஜூனில் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு இசைந்தது. மறு ஆண்டுச் சட்டம் வார விடுமுறையையும் நண்பகல் இடைவேளையையும் ஏற்றது. பெண்களின் வேலைநேரத்தை 11 மணியாக வரையறுத்தது. அந்தக் கணக்கில் வீட்டுவேலை சேரவில்லை. ஆண்களின் நாளுக்கு அப்போதும் எல்லை இல்லை.

பின்னர் மின்விளக்கு வந்தது. 1905ஆம் ஆண்டையொட்டிய வணிகச் செழிப்பில் பம்பாய் ஆலைகள் இருட்டிய பிறகும் இயங்கின. வேலைநாள் 14 மணியைத் தாண்டியது. கதிரவன் இயல்பாக இட்டிருந்த வேலியைத் தொழில்நுட்பம் அகற்றியதும், புதிய வேலியை யார் இடுவது என்ற வினா எழுந்தது. 1907-08இல் அமைந்த இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் அதனை ஆராய்ந்தது. நேரம் மிகுதி என்பதைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் மறுக்கவில்லை. எனினும், வளர்ந்த ஆணின் வேலைநேரத்தைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தலாகாது என்றனர். இந்தியத் தொழிலாளி இடையிடையே அகன்று வேலை செய்யும் இயல்பினன் என்ற கருத்தும் அறிக்கையில் இடம்பெற்றது.

இந்த வாதத்தின் வசதி கவனத்திற்குரியது. தொழிலாளி தானாகவே ஓய்ந்துகொள்கிறான்; எனவே அவனுக்கு ஓய்வு தரவேண்டியதில்லை! காரணத்தையும் விளைவையும் அது இடம்மாற்றி வைத்தது. 14 மணி நேரம் ஒருவரால் இடைவிடாது தறியடியில் நிற்க இயலாது. நேரம் நீண்டதாலேயே இடையில் அகல நேர்ந்தது. அந்த ஓய்வும் உரிமையாக இல்லாமல், மேஸ்திரி கண்டும் காணாமலும் இருக்கும்வரை மட்டுமே கிடைக்கும் சலுகையாக இருந்தது. ஆணையத்தில் மாறுபட்ட குறிப்பு எழுதியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் டி. எம். நாயர், பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரானவர். வளர்ந்த ஆண்களுக்கும் 12 மணி நேர வரம்பைச் சட்டமே நேரடியாக விதிக்கவேண்டும் என்று அவர் வாதிட்டார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் அந்த வரம்பை ஏற்றது.

அதன்பின் வரம்பு படிப்படியாக இறங்கியது: 1922இல் வாரத்திற்கு 60 மணி, 1934இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 54, 1946இல் 48. நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 என்ற வரம்பை 1948ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. லங்காசயர் ஆலை முதலாளிகளின் வணிகப் போட்டி, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அழுத்தம், வேலைநிறுத்தங்கள் எனப் பல விசைகள் இதற்குப் பின்னால் இருந்தன.

இறங்கிய வரம்பு மீண்டும் ஏறாது என்பதற்கு உறுதியில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைநாளுக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்புக்குப் பின் மே நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1908இல் நாயர் உச்சவரம்பாகக் கோரிய அதே எண் இது.

இன்று களைப்புற்ற ஊழியரிடம், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மனத்தைப் பேணுங்கள் என்று அறிவுரை கூறப்படுகிறது. அறிவுரை தவறன்று, முழுமையற்றது. பம்பாய்த் தொழிலாளர் தனித்தனியாகத் தம் வேகத்தைக் குறைத்தபோது கிடைத்த பெயர் சோம்பேறி. ஒன்றுகூடிக் கேட்டபோது கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவிலும் கைபேசி வழியே வந்துசேரும் அலுவல், மின்விளக்கு அகற்றிய வேலியை இன்னொருமுறை அகற்றியிருக்கிறது. அதனை மீண்டும் இடும் பணியைத் தனிமனிதரின் மனவுறுதியிடம் மட்டும் ஒப்படைத்துவிட இயலாது.